முதியோருக்கு ஓர் ஆணையம்: பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு கோரிக்கை

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அண்டை மாநிலத்தில் பிறந்த ஒரு சட்டம். 2025 மார்ச் மாதம் கேரளச் சட்டமன்றம் மாநில முதியோர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. முதியோருக்கென்று சட்டப்படி ஓர் ஆணையம் அமைத்த முதல் மாநிலம் அதுதான். முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் கே. சோமபிரசாத் தலைமையில் அதே ஆண்டில் அந்த ஆணையம் பணியைத் தொடங்கியது. ஆணையத்தில் அமர்பவர்கள் மூத்த குடிமக்களாகவே இருக்க வேண்டும், அவர்களில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. முதியோரின் நலம், பாதுகாப்பு, அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் அனுபவத்தை நாடு பயன்படுத்திக்கொள்வது ஆகியவை அதன் பணிகள். அப்படியோர் ஆணையம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும். வந்தபின் அது சென்னையில் ஒரு கட்டடத்தோடு நின்றுவிடாமல், காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தின் தெருக்கள் வரை நீள வேண்டும். இதுவே இந்த உரையின் வாதம்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பவர்கள் மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. பின்னர் ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பில், 2021-ல் கேரளத்தில் 16.5, தமிழ்நாட்டில் 13.6. அதே குழு 2031-க்குக் கணித்த எண்கள் கேரளத்துக்கு 20.9, தமிழ்நாட்டுக்கு 18.2. இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2021-ல் கேரளம் இருந்த இடத்தை 2031-க்குள் நாம் தாண்டியிருப்போம். பிறப்பு விகிதமும் இதையே சொல்கிறது. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் அது 1.4. முதுமையில் நாட்டிலேயே முன்னால் நிற்பது கேரளம், அடுத்து நிற்பது நாம். கேரளம் தன் தேவைக்காகச் செய்ததை நாம் பார்த்து வியந்துகொண்டிருக்க நமக்குக் காலம் இல்லை.

மாநிலத்தின் இந்தப் போக்கு காஞ்சிபுரத்தில், குறிப்பாக நெசவாளர் தெருக்களில், இன்னும் அடர்த்தியாகத் தெரிகிறது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள், கம்பெனி வண்டியில் ஏறினார்கள். அதில் குறை காண எதுவும் இல்லை. தறிக்குழியில் தம் காலம் போய்விட்டாலும் பிள்ளைகள் காலம் அப்படிப் போகக்கூடாது என்றுதான் பெற்றவர்கள் பாடுபட்டார்கள். ஆனால் தறியில் மிஞ்சியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2009-10-ல் நடந்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43 லட்சத்துக்கு மேல் இருந்த நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். புதியவர்கள் வராத தொழிலில் இருப்பவர்களின் வயது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். உடலையும் கரையையும் தறியிலேயே கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் நெய்ய, கரை நாடாவை எறிய இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் பிள்ளைகள் உட்கார்ந்த இடம் அது. பிள்ளைகளை அங்கிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பியது இந்த ஊர் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று. இன்றைக்குப் பல வீடுகளில் அந்த இடத்தில் வயதான மனைவி உட்கார்ந்திருக்கிறார். நெய்ய முடியாமல் போனவரும் ஓய்ந்துவிடுவதில்லை. ஊடை இழையைத் தாரில் சுற்றுகிறார், பாவில் அறுந்த இழையைப் பிணைக்கிறார். அரசு அலுவலருக்கு ஓய்வு பெறும் தேதி உண்டு. கூலி நெசவாளருக்கு அந்தத் தேதியை அவருடைய கண்பார்வையும் முழங்காலும்தான் குறிக்கின்றன.

இவர்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1962 ஏப்ரலில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. ஒன்றிய அரசு நாடு தழுவிய திட்டத்துக்கு வந்தது 1995-ல்தான். 2023 ஆகஸ்டில் இங்கே அந்தத் தொகை 1,200 ரூபாயானது. வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தது. ரேஷன் பொருள்களை முதியவர்களின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. பகல் நேரத்தில் முதியோர் கூடியிருக்க அன்புச்சோலை மையங்கள் அதே ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டன. 14567 என்று ஒரு தொலைபேசி உதவி எண்ணும் இருக்கிறது. திட்டங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு எந்த மாநிலத்துக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஒரு திட்டத்தின் பயன் தனக்கு ஏன் வரவில்லை என்று ஒரு முதியவர் கேட்டால், அவர் சார்பில் அந்தக் கேள்வியை அலுவலகங்களிடம் கேட்டுப் பதில் வாங்கும் அதிகாரம் படைத்த இடம் நம்மிடம் இல்லை.

'அதற்குத்தான் 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே' என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்வார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைத்தான் சொல்கிறார்கள். இந்த மறுப்பு கனமானது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. அந்தச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை. 90 நாளில் முடிக்க வேண்டும். பிள்ளைகள் பராமரிப்புத் தொகை தர உத்தரவிடலாம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெறவும் 23-ம் பிரிவு வழிசெய்கிறது. அந்தப் பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்தச் சட்டம் உதவுவது பெரும்பாலும் இரண்டு வகையினருக்குத்தான்: எழுதிக்கொடுக்கச் சொத்து இருந்த பெற்றோருக்கு, கொடுக்க வசதியுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு. பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில், முதலாளி கொடுத்த பாவைத் தறியில் ஏற்றி நெய்யும் எழுபது வயதுக்காரருக்கு எழுதிக்கொடுக்க என்ன சொத்து இருக்கிறது? அவருடைய மகன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு போக அவன் கையில் மிஞ்சுவது சொற்பம். அந்த மகனைத் தீர்ப்பாயத்தில் நிறுத்தி அவர் என்ன பெறப்போகிறார்? பெற்ற மகன் மேல் மனுப் போட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

சட்டத்தின் கனம் எங்கே விழுந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளுக்குக் கட்டாயம். தவறினால் தண்டனை உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாக, 150 பேராவது தங்கும் முதியோர் இல்லம் அமைப்பது மாநில அரசுக்கு விருப்பம். செய்யாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. முதியோர் உரிமை தொடர்பான ஒரு வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் எத்தனை இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தைத் திரட்டும்படி ஒன்றிய அரசுக்கே உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை இதுதான். பராமரிப்புத் தொகைக்கு 2007-ல் வைத்த மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க 2019-ல் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அந்த அவையின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் இந்தச் சட்டம் எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்று ஆண்டுதோறும் பார்த்துச் சட்டமன்றத்தில் சொல்ல ஓர் அமைப்பு இருந்திருந்தால் இந்த மௌனம் இவ்வளவு காலம் நீடித்திருக்காது.

நெசவாளர் முதுமையின் உண்மையான வழக்கு பிள்ளைகளோடு இல்லை, அலுவலகங்களோடு இருக்கிறது. ஒரு முதிய நெசவாளரின் வாழ்க்கை எத்தனை துறைகளுக்குள் சிதறிக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினராக இருந்தால் அவருடைய சேமிப்பும் ஓய்வூதியமும் கைத்தறித் துறையில். தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்தவரானால் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் நல வாரியத்தில். ரேஷன் உணவுத் துறையில், முழங்கால் வலி சுகாதாரத் துறையில், வீட்டில் கொடுமை நடந்தால் சமூக நலத் துறையில். ஒவ்வொரு துறையும் தன் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டாலும், அத்தனை விதிகளின் இடுக்கிலும் விழுந்துவிடுகிற ஓர் ஆள் இருக்கிறார். சங்கத்தில் பத்தாண்டு, பிறகு தனியாரிடம் இருபது ஆண்டு என்று நெய்தவர் எந்தத் திட்டத்தில் சேர்வார்? நல வாரியப் பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறியவரின் உழைப்பு எந்தக் கணக்கில் ஏறும்? இதே கைகள்தான் இரண்டு இடத்திலும் பட்டு நெய்தன. புவிசார் குறியீடு பெற்றுக் காஞ்சிப் பட்டு என்று உலகமெல்லாம் போனது இரண்டு தறியின் துணியும்தான்.

கைகளைப் பற்றிச் சொன்னேன். 2020 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. வயது ஏற ஏறக் கைரேகை மங்கும். வாழ்நாள் முழுவதும் பட்டிழையையும் ஜரிகையையும் விரல் நுனியால் ஓட்டியவருக்கு இன்னும் மங்கும். கருவி அவரை அடையாளம் காணாமல் போவது அவர் குற்றமா? இதற்கு வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கும் ஏற்பாடு உண்டு, கருவிழிப் பதிவும் பல கடைகளுக்கு வந்திருக்கிறது, இப்போது வீட்டுக்கே பொருள் வருகிறது. நல்லது. ஆனால் இந்தச் சிக்கல் கைத்தொழில் செய்யும் ஊர்களில் அதிகமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, கருவி வருவதற்கு முன்பே மாற்று ஏற்பாடு கேட்டிருக்க வேண்டியவர் யார்? ஒவ்வொருவரும் தனித்தனியே கடை வாசலில் நின்று திரும்பி, தனித்தனியே மனுக்கொடுத்து, பிறகுதான் தீர்வு வர வேண்டுமா? தறிக்குழியிலும் இதே கதைதான். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நாற்பது ஆண்டு உழைத்த உடம்பில் இடுப்பும் முழங்காலும் என்ன ஆகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் குழியில் ஊறும் நீர் எத்தனை நாள் கூலியைத் தின்னும் என்பதும் தெரியும். இதை அளந்து, தொழிலால் வந்த முதுமை நோய் என்று எழுதி, இன்ன துறை இன்னது செய்ய வேண்டும் என்று சொல்வதற்குத்தான் ஓர் இடம் இல்லை.

அப்படியோர் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகில் சான்று இருக்கிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2006-ல் முதியோர் ஆணையருக்கான சட்டம் வந்தது. 2008-ல் முதல் ஆணையர் பொறுப்பேற்றார். அரசு நிறுவனங்கள் முதியோர் விஷயத்தில் தங்கள் கடமையைச் செய்கின்றனவா என்று ஆராயவும், விளக்கம் கேட்கவும், தனி ஒருவரின் புகாருக்குத் துணை நிற்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 2014-ல் அங்கே முதியோர் இல்லங்களின் வாழ்க்கை நிலை பற்றி ஆணையர் நடத்திய ஆய்வு, உள்ளாட்சிகளும் சுகாதார அமைப்புகளும் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிட்டு அவற்றிடம் பதில் கேட்டது. வட அயர்லாந்து அதே வழியில் 2011-ல் சட்டம் இயற்றியது. அங்கே ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் நடந்த அலட்சியத்தையும் கொடுமையையும் குறித்துக் குடும்பத்தினரும் முன்னாள் ஊழியர்களும் முறையிட்டபோது ஆணையர் விசாரணை நடத்தி, 2018-ல் 59 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளியிட்டார். இல்லங்களைக் கண்காணிப்பதற்கென்றே வேறோர் அரசு அமைப்பு அங்கே முன்பே இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கண்காணிப்பு அமைப்பு கட்டடத்தையும் பதிவேட்டையும் பார்த்தது. ஆணையர் முதியவர் பக்கம் நின்று பார்த்தார். இங்கிலாந்தில் இன்றுவரை அப்படி ஓர் ஆணையர் இல்லை, அதனால் வேல்ஸில் இருப்பதை இங்கிலாந்துக்கும் நீட்டிக்க வேண்டும் என்று அங்குள்ள முதியோர் அமைப்புகள் கேட்டு வருகின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சிங்கப்பூர். அங்கே 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. தீர்ப்பாயத்தோடு கூடவே ஓர் ஆணையரையும் அந்தச் சட்டம் நியமித்தது. பதினைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பின் 2010-ல் அதைத் திருத்தினார்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் ஆணையரிடம் சமரசப் பேச்சு நடந்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். 2023-ல் மீண்டும் திருத்தி, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திய பெற்றோர் வழக்குப் போடுவதற்கு முன் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற வேண்டும் என்றார்கள். ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டு அப்படியே விடாமல், அதன் நடப்பைப் பார்த்துப் பார்த்து ஆணையரின் பொறுப்பை விரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் 2007 சட்டத்துக்குக் கிடைக்காமல் போனது இந்தக் கவனிப்புதான்.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். 'ஆணையம் என்றால் பதவி இழந்தவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு கார், அவ்வளவுதான்' என்ற பேச்சு மக்களிடம் பரவலாக இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாற்காலிகள் காலியாகக் கிடக்க, மனுக்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கும் ஆணையங்களை நாடு பார்த்திருக்கிறது. தகவல் ஆணையங்களின் காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்பும்படி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டிவந்தது. ஆனால் தகவல் ஆணையம் தேங்கிக் கிடக்கிறது என்பதற்காகத் தகவல் உரிமைச் சட்டமே வேண்டாம் என்று நாம் யாரும் சொல்லவில்லை. காலியிடம் விழுவதற்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆணையம் கேட்ட விளக்கத்துக்கு இத்தனை நாளுக்குள் துறை பதில் தர வேண்டும், ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், பரிந்துரையை ஏற்காவிட்டால் அரசு காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், நாற்காலிக்காக மட்டும் வருபவருக்கு அங்கே வேலை இருக்காது. தேசிய அளவில் மூத்த குடிமக்களுக்கான ஆலோசனைக் குழு 1999 முதல் ஏதோ ஒரு பெயரில் இருந்து வருகிறது. அது ஆலோசனை மட்டும் சொல்லும் குழு. அமைச்சரே தலைவராக இருக்கும் குழு அமைச்சகத்தை எப்படிக் கேள்வி கேட்கும்? தமிழ்நாடு அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

'அந்தப் பணத்தை ஓய்வூதியத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்' என்பது இன்னொரு வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. பத்து லட்சம் பேருக்கு மாதம் 100 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 120 கோடி ரூபாய் வேண்டும். ஓர் ஆணையத்தை நடத்த அதில் சிறு பங்கு போதும். அதைப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்குச் சில ரூபாய்கூட வராது. அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 2007-ல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தபோதும் 200 ரூபாய்தான், இன்றும் 200 ரூபாய்தான். அரிசி விலையும் பட்டு விலையும் ஜரிகை விலையும் இந்தக் காலத்தில் எங்கேயோ போய்விட்டன. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோர் ஓய்வூதியம் 4,000 ரூபாய். நம் தொகை ஏன் இவ்வளவு குறைவு, விலைவாசியோடு அது ஏன் தானாக ஏறுவதில்லை என்று தேர்தல் மேடைகளில் மட்டும் கேட்கப்படுகிறது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக்கு முன் அரசிடம் எழுத்தில் கேட்பதற்கு ஓர் அமைப்பு இருந்தால், ஓய்வூதியம் உயர்வதற்கு அதுவே வழியாகும்.

மனித உரிமை ஆணையமும் மகளிர் ஆணையமும் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கலாம். குழந்தைகளுக்கு ஆணையம் அமைத்தபோதும், மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில ஆணையர் வந்தபோதும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான மாநில ஆணையத்துக்கு 2021-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியபோதும் மனித உரிமை ஆணையம் இருக்கத்தான் செய்தது. பொதுவான வாசலில் கூட்டம் அதிகம், குரல் தாழ்ந்தவர் பின்னால் போய்விடுவார் என்பதை அறிந்துதான் அவற்றை அமைத்தோம். அதே காரணம் முதியவருக்கும் பொருந்தும்.

இவற்றைக் காட்டிலும் ஆழமான எதிர்ப்பு ஒன்று உண்டு. பெற்றோரைக் காப்பது பிள்ளையின் அறம். அரசு உள்ளே வந்தால் அந்த அறம் தளர்ந்துபோகும், பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்று மரபை மதிக்கும் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் குடும்பத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு அதை அறம் என்று புகழ்வது, அந்தப் பாரத்தைத் தாங்கும் மகளுக்கும் மருமகளுக்கும் செய்யும் நியாயம் ஆகாது. படுக்கையில் விழுந்த மாமியாரைக் கவனிப்பதற்காக வேலைக்குப் போக முடியாமல் நிற்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். பகலில் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு மையம், வீட்டுக்கு வரும் செவிலியர், தடையின்றி வரும் ஓய்வூதியம் ஆகியவை இருக்கும் வீட்டில் பாசம் குறையாது, சண்டைதான் குறையும். கையில் சிறிதளவாவது சொந்தப் பணம் இருக்கும் பாட்டிக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதையே வேறு என்பது இந்தத் தெருக்களுக்குத் தெரியாத செய்தியா? 1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது இந்த ஊர் பெற்ற அண்ணா திருச்சித் தெருவில் துணியைத் தோளில் போட்டு விற்றார். நெசவாளர் குடும்பத்தின் கஷ்டம் அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று அவர் ஒதுங்கவில்லை. முதுமையும் அப்படியே.

கேரளச் சட்டத்தை அப்படியே எழுதிக்கொண்டால் போதுமா என்றால், போதாது. அங்கே ஆணையம் தலைநகரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாவட்டந்தோறும் அமர்வு நடத்த வேண்டும். நடக்க முடியாதவரைத் தேடி அமர்வு வர வேண்டும். மனு எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். மனு வராமலேயே தானாக விசாரணை எடுக்கும் அதிகாரமும் வேண்டும். ஏனென்றால் மிகவும் துன்பப்படுகிறவர் மனுவே கொடுப்பதில்லை. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உழைக்கும் முதியவரை இந்த ஆணையம் கண்ணில் நிறுத்த வேண்டும் என்பதே. முதியோர் நலம் என்றதும் இல்லம், மருத்துவமனை, சக்கர நாற்காலி என்றே நம் மனம் போகிறது. எழுபதிலும் தார் சுற்றி நாளுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கும் அம்மாவுக்குக் கூலி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த மாதத்தில் வருமானம் எங்கிருந்து வரும் என்பவையும் முதியோர் பிரச்சினைகளே. வயதான நெசவாளர் ஒரு புடவையை முடிக்க அதிக நாள் எடுக்கிறார். கூலி புடவைக்குத்தான், நாளுக்கு இல்லை. அவர் திறமை குறையவில்லை, வேகம் குறைந்தது. புட்டா வைப்பதும் கோர்வை பிடிப்பதும் இளையவருக்குக் கற்றுத்தரத் தகுந்தவர் அவர். அந்தத் திறமைக்கு ஊதியம் தந்து பயிற்றுநராக அமர்த்தும்படி கைத்தறித் துறைக்கு ஆணையம் சொல்லலாம். முதியோரின் அனுபவத்தைப் பயன்படுத்துவது என்று கேரளச் சட்டம் சொல்லும் நோக்கத்துக்கு இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

கேரள ஆணையம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதன் பலனைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்தான். 2007 சட்டத்தின் பலனைப் பார்க்கலாம் என்று பதினெட்டு ஆண்டு காத்திருந்தோம். இன்று அறுபத்தைந்து வயதில் தறியில் இருப்பவர் அடுத்த பதினெட்டு ஆண்டு காத்திருக்க மாட்டார்.

ஆகவே உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். காஞ்சிபுரம் மாநகராட்சியின் 51 வார்டுகளிலும் பகுதி சபையைக் கூட்டுவதற்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில், அடுத்த முறை பிள்ளையார்பாளையத்து வார்டுகளின் மக்கள் ஒரு கோரிக்கையைச் சேர்த்து எழுதிப் பதிவு செய்யுங்கள்: தமிழ்நாடு அரசு முதியோர் ஆணையச் சட்டம் கொண்டுவர வேண்டும், அந்த ஆணையம் காஞ்சிபுரத்தில் அமர்வு நடத்த வேண்டும், கைத்தறி நெசவாளரின் முதுமையை அது தனியாக ஆராய வேண்டும். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கூட்டத்துக்கு வர முடியாமல் தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் கையெழுத்தை அவர்கள் வீட்டுக்கே போய் வாங்குங்கள். கையெழுத்துப் போட முடியாதவர்கள் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.